பாஸ் கொடுத்தவள் பெயர் என்ன?

2021-ம் ஆண்டுக்கான பத்ம விருதுப் பட்டியல் வந்தபோது தமிழ்நாட்டுக்காரர்கள் சந்தோஷப்படப் பல பெயர்கள் இருந்தன. எஸ்.பி.பி.க்கு மறைவுக்குப் பிறகு பத்ம விபூஷண். பட்டிமன்றம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு சாலமன் பாப்பையா, கச்சேரிக்குப் போகிறவர்களுக்கு பாம்பே ஜெயஸ்ரீ, நூறு வயதைத் தாண்டியும் வயலை விடாத பாப்பம்மாள் பாட்டி. அதே பட்டியலில் விளையாட்டுப் பிரிவில் பத்மஸ்ரீக்கு பி. அனிதா என்று ஒரு பெயர் இருந்தது. பலருடைய கண் அதைத் தாண்டிப் போயிருக்கும். தென்காசி பஸ் ஸ்டாண்டில் நின்று கேட்டாலும் சரி, கோயம்பேட்டில் நின்று கேட்டாலும் சரி, அவர் யார் என்று சொல்ல ஆள் கிடைப்பது கஷ்டம்.

அனிதா பால்துரை கூடைப்பந்து வீராங்கனை. சென்னைப் பெண், தெற்கு ரயில்வே ஊழியர். இந்தியப் பெண்கள் அணியில் ஏறத்தாழ பதினெட்டு ஆண்டுகள் ஆடியவர். 19 வயதிலேயே இந்தியாவுக்குக் கேப்டன் ஆனார். ஆசிய சாம்பியன்ஷிப் போட்டியில் தொடர்ந்து 9 முறை இறங்கியவர். 2009-ல் வியட்நாமில் நடந்த ஆசிய உள்ளரங்கு விளையாட்டில் வெள்ளி. 2011-ல் இலங்கையின் ஹம்பாந்தோட்டையில் தங்கம். 2012-ல் சீனாவின் ஹையாங்கில் தங்கம். 2013-ல் தோஹாவில் நடந்த மூவர் கூடைப்பந்து ஆசியப் போட்டியில் மறுபடி தங்கம். தேசியப் போட்டிகளில் மட்டும் 30 பதக்கங்கள்.

இந்த முப்பதில் கொஞ்சம் நிற்க வேண்டும். ஒரு கூடைப்பந்து அணிக்குப் பன்னிரண்டு பேர். பதக்கம் வாங்கும்போது பன்னிரண்டு கழுத்தும் குனிகின்றன. முப்பதைப் பன்னிரண்டால் பெருக்கினால் 360. அதில் 30 அனிதாவுடையது. மீதி 330 பதக்கங்கள் யார் யார் வீட்டு அலமாரியிலோ இருக்கின்றன. அந்தப் பெயர்களை வரிசையாகச் சொல்லக்கூடியவர் கூடைப்பந்து வட்டத்துக்கு வெளியே ஒருவர்கூட இருக்க மாட்டார்.

விருது ஒருவருக்குத்தான் கொடுக்க முடியும், அதில் தப்பில்லை. ஆனால் கூடைப்பந்தில் ஒரு நட்சத்திரம் எப்படி உருவாகிறது என்று பார்த்தால் அந்த 330 பதக்கங்களைப் பேசாமல் இருக்க முடியாது.

எட்டு நாள் இடைவெளி

1985 ஜூன் 22-ல் அனிதா பிறந்தார். எட்டு நாள் கழித்து, ஜூன் 30-ல், கோட்டயம் பக்கம் ஒரு பெண் குழந்தை பிறந்தது. பெயர் கீது அன்னா ஜோஸ். வளர்ந்து ஆறடி இரண்டு அங்குலம் ஆன அந்தப் பெண் சங்கனாச்சேரி அசம்ப்ஷன் கல்லூரியில் ஆடி, தெற்கு ரயில்வேயில் வேலைக்குச் சேர்ந்து, சென்னைக்கு வந்தார். அங்கே அனிதா இருந்தார். இரண்டு பேரும் ஒரே அலுவலக அணி, ஒரே இந்திய அணி.

கீது அன்னா ஜோஸ் இந்தியப் பெண்கள் கூடைப்பந்து கண்ட மிகப் பெரிய ஸ்கோரர்களில் ஒருவர். ஆஸ்திரேலியாவின் ரிங்வுட் ஹாக்ஸ் கிளப்புக்கு ஆடியவர். 2011-ல் அமெரிக்காவின் பெண்கள் தொழில்முறை லீக்கான டபிள்யூ.என்.பி.ஏ.வில் சிகாகோ ஸ்கை, லாஸ் ஏஞ்சலீஸ் ஸ்பார்க்ஸ், சான் அன்டோனியோ சில்வர் ஸ்டார்ஸ் என்று மூன்று அணிகள் அவரைத் தேர்வுக்கு அழைத்தன. 2014-ல் அர்ஜுனா விருது வாங்கினார்.

ஆறடி இரண்டு அங்குலம் என்பது இந்தியப் பெண்கள் கூடைப்பந்தில் பெரிய சொத்து. ஆனால் அந்த உயரம் கூடைக்கு அடியில் நிற்கும்போதுதான் செல்லும். பந்தை அங்கே கொண்டுபோய்ச் சேர்க்க யாராவது வேண்டும். எதிரணி சும்மா விடுமா? உயரமான பெண்ணைச் சுற்றி இரண்டு பேர், மூன்று பேர் மொய்ப்பார்கள். அவர்களை அங்கிருந்து வெளியே இழுக்க ஒரே வழி, தூரத்திலிருந்து கூடை போடத் தெரிந்த ஒரு கார்டு அணியில் இருப்பது. அவளை விட்டால் மூன்று புள்ளி போடுவாள் என்ற பயத்தில் ஒருத்தி வெளியே ஓடி வர வேண்டும். ஓடி வந்த அந்த நொடியில் உள்ளே ஒரு வழி திறக்கும். பந்து அந்த வழியாக, உயர்த்திய கைக்கு, எட்டும் இடத்துக்குப் போக வேண்டும். அரை நொடி பிந்தினால் வழி மூடிவிடும். கார்டாக ஆடிய அனிதாவின் தொழில் இதுதான்.

மறுநாள் பேப்பரில் கீது இத்தனை புள்ளி என்று வரும். பந்து கொடுத்தவள் பெயர் வந்தால் வரும். பந்து கொடுக்கிறவளுக்காக ஓடி வந்து எதிரணிப் பெண்ணின் வழியில் தூண் மாதிரி நின்று, விலாவில் இடி வாங்கிக்கொண்ட மூன்றாவது பெண்ணின் பெயர் எந்தப் பேப்பரிலும் வராது. ஸ்கிரீன் போடுவது என்று சொல்வார்கள். ஸ்கோர் ஷீட்டில் அதற்குக் கட்டமே கிடையாது. நம் மேளத்தில் ஒத்து ஊதுகிறவர் மாதிரிதான் அவள் நிலைமை. கச்சேரி முடிந்ததும் நாதஸ்வரக்காரரைச் சுற்றிக் கூட்டம் நிற்கும். ஒத்து நின்றுபோயிருந்தால் கச்சேரியே நடந்திருக்காது என்பது மேடையில் இருந்தவர்களுக்குத்தான் தெரியும்.

2011 அமெரிக்கத் தேர்வில் கீதுவுக்கு ஒப்பந்தம் கிடைக்கவில்லை. எதனால் என்று அந்த மூன்று அணிகளைத்தான் கேட்க வேண்டும். ஆனால் எனக்கு ஒரு எண்ணம் உண்டு. தேர்வுக்கு ஒருவர் தனியாகத்தான் போகிறார். தனக்கு எந்த உயரத்தில், எந்த வேகத்தில் பந்து வேண்டும் என்று பல வருடப் பழக்கத்தில் தெரிந்துவைத்திருந்தவர்களைச் சென்னையில் விட்டுவிட்டுத்தான் அவர் விமானம் ஏறினார். கூடைப்பந்தில் ஆளை மட்டும் தனியே பிடுங்கி நட்டால் வேர் பிடிக்கக் கொஞ்ச நாள் ஆகும். தேர்வு முகாமில் அந்த நாள் கிடைக்காது.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். பத்மஸ்ரீ பட்டியலில் வந்த அந்தக் கூடைப்பந்துப் பெயர் கூடை போட்டே பேர் வாங்கிய ஒருவருடையதாக இல்லை. மற்றவர்களுக்குப் பந்து கொடுத்தும், கேப்டனாக மற்றவர்களைத் தாங்கியும் பதினெட்டு வருடம் நின்றவருடையது. அந்த வகையில் பட்டியல் போட்டவர்கள் நல்ல காரியம் செய்தார்கள் என்றே சொல்வேன்.

ஒரே பாஸ்கெட் வித்தியாசம்

2017 ஜூலை 29. பெங்களூரு ஸ்ரீ கண்டீரவா உள்ளரங்கம். பெண்கள் ஆசியக் கோப்பையின் ‘பி’ பிரிவு இறுதிப் போட்டி, இந்தியாவும் கஜகஸ்தானும். ஜெயித்தவர்கள் ‘ஏ’ பிரிவுக்குப் போகலாம்; ஜப்பான், சீனா, ஆஸ்திரேலியாவோடு ஒரே மைதானத்தில் நிற்கலாம். தோற்றவர்கள் அடுத்த முறை பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். கேப்டன் அனிதா. கீது அந்த அணியில் இல்லை.

இந்தியா 75, கஜகஸ்தான் 73. நாற்பது நிமிட ஆட்டத்துக்குப் பிறகு வித்தியாசம் இரண்டே புள்ளி. ஒரே ஒரு பாஸ்கெட். இப்படி ஒரு ஆட்டத்தில் எந்த பாஸ்கெட் ஜெயிக்க வைத்தது என்று யாரும் சொல்ல முடியாது. புனேயின் ஷிரின் லிமாயே, கேரளத்தின் ஜீனா போன்றவர்கள் ஆடிய அணி அது. அனிதா முதன்முதலில் இந்தியாவுக்கு ஆட வந்தபோது அவர்களில் பலர் ஆரம்பப் பள்ளியில் இருந்திருப்பார்கள். பதினெட்டு ஆண்டு ஆட்டத்தின் கடைசி அத்தியாயத்தை எழுதிக் கொடுத்தது இந்தத் தங்கச்சிகள். அந்த இரண்டு புள்ளி மறுபக்கம் போயிருந்தால் அனிதாவின் பதினெட்டு ஆண்டுகளைப் பற்றிய பேச்சே வேறு தொனியில் இருந்திருக்கும்.

வடக்கே வாரணாசியில் அக்கா தங்கைகளே அணியாகிவிட்ட கதை ஒன்று உண்டு. திவ்யா, பிரசாந்தி, ஆகாங்ஷா, பிரதிமா என்று சிங் குடும்பத்துச் சகோதரிகள் நால்வர் இந்தியாவுக்கு ஆடியவர்கள். பிரசாந்திக்கு 2019-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. வீட்டிலேயே பந்து போட்டுத் தர ஆள் இருந்தது. நம் பிள்ளைகளுக்கு அந்த வீடு கல்லூரி ஹாஸ்டலும் ரயில்வே குவார்ட்டர்ஸும்தான்.

அமெரிக்காவில் நடந்தது

இதே கதை அமெரிக்காவிலும் உண்டு. உலகம் முழுக்கப் பெண்கள் கல்லூரிக் கூடைப்பந்தைத் திரும்பிப் பார்க்க வைத்தவர் அயோவா பல்கலைக்கழகத்தின் கெய்ட்லின் கிளார்க். 2020 முதல் 2024 வரை நாலு வருடத்தில் 3,951 புள்ளி. 2024 மார்ச்சில் பீட் மராவிச் வைத்திருந்த 3,667 புள்ளி சாதனையை, அதுவும் ஆண்கள் ஆட்டத்தின் சாதனையை, தாண்டினார். அந்தச் செய்தி நம் ஊர் செல்போன் வரைக்கும் வந்தது.

வராத கணக்கு ஒன்று இருக்கிறது. அதே நாலு வருடத்தில் கிளார்க் கொடுத்த அசிஸ்ட் 1,144. அசிஸ்ட் என்றால் அவர் பந்து கொடுத்து, வாங்கியவர் உடனே கூடை போட்டார் என்று அர்த்தம். ஒரு கூடைக்குக் குறைந்தது இரண்டு புள்ளி. அப்படியானால் 2,288 புள்ளிக்குக் குறையாமல் மற்றவர்கள் கையால் விழுந்திருக்கிறது. வாங்கியவர்கள் தவறவிட்டிருந்தால் அது கிளார்க்கின் கணக்கில் அசிஸ்ட் என்றே ஏறியிருக்காது. அவர் பார்த்துப் பார்த்துக் கொடுத்த பாஸ் வெறும் பாஸாகப் போயிருக்கும். மோனிகா சினானோ என்ற சென்டர் கூடைக்கு அடியில் நின்று மூன்று முறை முயன்றால் இரண்டு முறை போட்டுவிடுவார். கிளார்க்கின் அசிஸ்ட் சாதனையில் பெரிய பங்கு அவருடையது. கேட் மார்ட்டின், கேபி மார்ஷல், மெக்கென்னா வார்னாக் ஆகியோரோடு சேர்ந்த இந்த ஐவர்தான் மூன்று சீசன்கள் அயோவாவின் ஆரம்ப வரிசை.

2024 ஏப்ரலில் நியூயார்க்கில் டபிள்யூ.என்.பி.ஏ. டிராஃப்ட், அதாவது அணிகள் புது ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சி, நடந்தது. கிளார்க் முதல் ஆளாகத் தேர்வாவார் என்று ஊருக்கே தெரியும். கேட் மார்ட்டின் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருந்தார், தோழிக்குக் கை தட்ட வந்தவராக. 18-வது தேர்வாக லாஸ் வேகாஸ் ஏசஸ் அவர் பெயரைக் கூப்பிட்டபோது கூட்டத்திலிருந்து எழுந்து மேடைக்குப் போனார். ஸ்கிரீன் போட்டும், கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடித்து ரீபவுண்ட் எடுத்தும், எதிரணியின் பலமான ஆளை மறித்தும் காலம் தள்ளியவரை யாரோ கவனித்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள்.

ஆனால் கிளார்க் கல்லூரி சாம்பியன் பட்டம் வாங்கவே இல்லை. 2023 இறுதிப் போட்டியில் எல்.எஸ்.யு. பல்கலைக்கழக அணியிடம் 85–102. 2024 இறுதியில் சவுத் கரோலினாவிடம் 75–87. இரண்டாவது ஆட்டத்தில் கிளார்க் மட்டும் 30 புள்ளி போட்டார். சவுத் கரோலினாவின் பெஞ்சிலிருந்து வந்தவர்கள் சேர்ந்து 37. அயோவா பெஞ்சிலிருந்து வந்தவர்கள் போட்டது பூஜ்யம். முதல் ஐவரில் இல்லாத டெஸ்ஸா ஜான்சன் என்ற முதலாமாண்டுப் பெண் ஒருவரே 19 புள்ளி எடுத்தார். உலகத்தின் ஆகச் சிறந்த கல்லூரி வீராங்கனையை அன்றைக்கு வீழ்த்தியது உட்கார்ந்திருந்து எழுந்து வந்தவர்கள். கிளார்க்கின் பெருமையைத் தூக்கியதும் சகாக்கள், அதற்கு எல்லை போட்டதும் சகாக்களின் எண்ணிக்கை.

சாரலும் சிமென்ட் கோர்ட்டும்

இதற்கெல்லாம் தென்காசியோடும் குற்றாலத்தோடும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். மேற்கே பார்த்தால் ஆரியங்காவு, அதைத் தாண்டினால் கொல்லம். கிழக்கே பார்த்தால் நெல்லை. 1904-ல் மலையைக் குடைந்து போட்ட ரயில் பாதை 2018-ல் அகலப்பாதையாகத் திறந்ததிலிருந்து செங்கோட்டையில் ஏறினால் சில மணி நேரத்தில் கொல்லத்தில் இறங்கலாம். மலையாளமும் தமிழும் கலந்து பேசுகிற ஊர் இது. கேரளத்து கீதுவும் தமிழ்நாட்டு அனிதாவும் சேர்ந்த அந்த ரயில்வே கூட்டணி நமக்கு அந்நியமாகத் தோன்ற நியாயமில்லை.

ஆனால் கூடைப்பந்து வரைபடத்தில் நம் தென்காசி மாவட்டம் சின்னப் புள்ளிதான். சென்னையில் ஜேப்பியார், ஹிந்துஸ்தான், எஸ்.ஆர்.எம். என்று பெண்கள் அணிக்குப் பேர் போன கல்லூரிகள். கோவையில் ஆண்களுக்கு நாச்சிமுத்துக் கவுண்டர் கோப்பை நடக்கும்போது பெண்களுக்கு சி.ஆர்.ஐ. பம்ப்ஸ் கோப்பை. தேனி மாவட்டத்துப் பெரியகுளத்தில்கூட ஆண்களுக்கு அகில இந்தியப் போட்டி நடக்கிறது. ஒரு சின்ன நகரம் கூடைப்பந்துக்கு இவ்வளவு செய்ய முடியுமா என்று ஆச்சரியப்படலாம். நம் பக்கம் பெண்பிள்ளைகள் என்றால் கபடி, வாலிபால், எறிபந்து. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நல்ல ஆட்டங்கள்.

குற்றாலத்தில் ஸ்ரீ பராசக்தி மகளிர் கல்லூரி 1964 முதல் இருக்கிறது, திருக்குற்றாலநாதர் கோயில் நிர்வாகத்தில். கிராமத்திலிருந்து பஸ் பிடித்து வந்து, குடும்பத்தில் முதல் ஆளாகப் பட்டம் வாங்கிய பெண்கள் எத்தனையோ பேர். இப்படி ஒரு மகளிர் கல்லூரியில் அணி எப்படி அமையும் என்று யோசித்துப் பாருங்கள். கல்லூரி திறக்கும் ஜூனில் சாரலும் சேர்ந்து வரும். திறந்தவெளி சிமென்ட் கோர்ட் ஈரமானால் பந்து எழும்பாது, கால் வழுக்கும். ஜூலையும் ஆகஸ்டும் இப்படியே போகும். ஊருக்குச் சீசன், கோர்ட்டுக்கு விடுமுறை. மழை விட்ட ஒரு சாயங்காலத்தில் பயிற்சிக்கு நின்றால் கடைசி பஸ் போய்விடும். ஹாஸ்டல் பிள்ளைகள் நிற்பார்கள், ஊரிலிருந்து வந்துபோகிறவர்கள் ஓட வேண்டும். பன்னிரண்டு பேரைச் சேர்ப்பதே பெரும்பாடு.

அதில் ஒருத்தி நன்றாக ஆடுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். அவளை நன்றாக ஆட வைக்கிறது யார்? அமெரிக்கப் பெண்கள் கல்லூரி அணிகளில் பயிற்சியின்போது எதிரணியாக ஆட ஆண் மாணவர்களை அழைத்துக்கொள்வது வழக்கம். இங்கே அந்த வேலையை பெஞ்சில் இருக்கிறவர்கள் செய்கிறார்கள். தினமும் அவளை மறிக்கிறதும், தள்ளுகிறதும், அவள் கையிலிருந்து பந்தைத் தட்டுகிறதும் அவர்கள்தான். போட்டியன்று இவர்களுக்கு ஆட இடம் கிடைக்காமலே போகலாம். பிறகு இன்னொரு வேலையும் உண்டு. அது கோர்ட்டுக்கு வெளியே. வெளியூர்ப் போட்டிக்கு அனுப்ப மாட்டேன் என்கிற அப்பாவிடம், “நாங்க எல்லாரும் போறோம்பா, மேடமும் கூட வாராங்க” என்று நாலு பேர் சேர்ந்து போய் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசுகிறார்களே, அதுவும் ஒரு அசிஸ்ட்தான். தனியாக ஒரு பெண் விளையாடப் போகிறாள் என்றால் கேள்வி கேட்கும் ஊர், பன்னிரண்டு பேர் ஒன்றாகப் போகிறார்கள் என்றால் கொஞ்சம் வாயை மூடிக்கொள்ளும். பெண்கள் கூடைப்பந்தில் சகாக்கள் ஒருத்தியின் புள்ளிகளை மட்டும் கூட்டுவதில்லை. அவள் ஆடக்கூடிய வருடங்களையும் கூட்டுகிறார்கள்.

நன்றாக ஆடுகிற அந்தப் பெண் அநேகமாகச் சென்னைக்கோ கோவைக்கோ போய்விடுவாள். கட்டணம் இல்லை, ஹாஸ்டல் இலவசம், உள்ளரங்கக் கோர்ட் என்றால் போகத்தான் வேண்டும். போகாதே என்று சொல்கிறவன் அவளுக்கு நல்லது நினைப்பவன் இல்லை. அவள் ஜெயித்து வந்ததும் ஊர் எல்லையில் பேனர் வைப்போம். அவளை மறித்து மறித்துப் பழக்கிய பதினொரு பேரில் பாதிப் பேருக்கு அதற்குள் கல்யாணம் ஆகியிருக்கும்.

வேலை யாருக்கு?

கொஞ்சம் காசு விஷயமும் பேசலாம். விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்கு விண்ணப்பிக்கிறவர்கள் எல்லோருக்கும் ஃபாரம் ஒன்று, இரண்டு, மூன்று தெரியும். இந்தியாவுக்கு ஆடினால் முதல் படிவம், மாநிலத்துக்காகத் தேசியப் போட்டியில் ஆடினால் இரண்டாவது, பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் ஆடினால் மூன்றாவது. அணி விளையாட்டில் இந்தச் சான்றிதழ் நட்சத்திரத்துக்கும் பன்னிரண்டாவது ஆளுக்கும் ஒன்றுதான். மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழக அணியில் இடம் பிடித்து வெளியே போய் ஆடிய ஒரு பெஞ்ச் பெண்ணுக்கும் அந்தத் தாள் கிடைக்கும். தமிழ்நாடு அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. அரசாங்கத் தாள் ஒன்று எல்லோரையும் சமமாகப் பார்ப்பது அபூர்வம். இந்த இடத்தில் அது பார்க்கிறது.

பிரச்சினை அதற்கு அடுத்த படியில் வருகிறது. ரயில்வே, மின்வாரியம், வங்கி என்று எங்கே போனாலும் தேர்வுக் களத்தில் ஆளைத் தனித்தனியாகத்தான் ஆடவைத்துப் பார்க்கிறார்கள். கூடை போடுகிறவள் கண்ணில் படுவாள். ஸ்கிரீன் போடுகிறவள், ரீபவுண்டுக்கு இடம் பிடித்து முதுகால் தள்ளி நிற்கிறவள், சரியான நேரத்தில் “மாறு, மாறு” என்று கத்தி நாலு பேரை நகர்த்துகிறவள் அரை மணி நேரத் தேர்வில் எப்படித் தெரிவாள்? அவளைத் தெரிந்தவர்கள் அவளோடு ஆடியவர்கள் மட்டுமே. பெரிய அணிகள் ஆட்டக் காணொளியை ஓடவிட்டு இதையெல்லாம் எண்ணுகின்றன. மாவட்ட அளவில் அதற்குச் செலவு செய்ய வேண்டியதில்லை. பெஞ்சில் இருக்கும் ஒரு பெண் கையில் நோட்டும் பேனாவும் கொடுத்தால் போதும்: யார் பாஸ் கொடுத்தது, யார் ஸ்கிரீன் போட்டது, யார் பந்தைத் தட்டிவிட்டது. நாலு வருடம் எழுதினால் அது ஒரு பெண்ணின் வேலைக்கான ஆதாரமாகக்கூட நிற்கும்.

உடற்கல்வி இயக்குநர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அடுத்த கோப்பைக்கு பேனர் அடிக்கும்போது பன்னிரண்டு பெயரையும் ஒரே அளவு எழுத்தில் போடுங்கள். செய்தி எழுதுகிறவர்கள், கூடை போட்டவள் பெயருக்குப் பக்கத்தில் பந்து கொடுத்தவள் பெயரையும் எழுதுங்கள். அரை வரிதான் கூடும். வாசகர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. சாரல் ஓய்ந்த பிறகு உங்கள் ஊர்ப் பக்கம் பெண்கள் கூடைப்பந்து நடந்தால் போய் உட்காருங்கள். நுழைவுக் கட்டணம் இருக்காது, நாற்காலிக்கும் சண்டை இருக்காது. ஒரு குவார்ட்டர் பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடம் பந்து வைத்திருப்பவளை விட்டுவிட்டு மற்ற நாலு பேர் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள்.